வீட்டு சோலாருக்கு நீளமாகக் கேபிள் இழுக்கும்போது வோல்டேஜ் குறைவதைச் சமாளிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குப் பக்கம் தென்னை மரம், அதனால் பேனலை மோட்டார் ரூம் மேல் வைக்கவேண்டிய நிலை. பேட்டரி வீட்டுக்குள், ஈபி மீட்டர் வாசல் சுவரில். நம் ஊர்த் தோட்டத்து வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. இடையே முப்பது, நாற்பது, அறுபது மீட்டர் கேபிள் ஓடும். "பேனல் நல்ல பேனல்தான், ஆனால் சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது", "மத்தியானம் ஆனால் இன்வெர்ட்டர் கட் ஆகிவிடுகிறது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கேபிளில் இருக்கும். அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இவை.

வோல்டேஜ் டிராப் என்றால் என்ன? குறைந்த வோல்டேஜ் எங்கே போகிறது?

எந்த ஒயருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அதில் கரண்ட் ஓடும்போது ஒயரே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்று சூடாக மாற்றிவிடுகிறது. பேனல் பக்கம் 38 வோல்ட் இருந்து, கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி) பக்கம் 34 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், நடுவில் காணாமல் போன 4 வோல்ட்தான் டிராப்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரண்ட் இரண்டு மடங்கானால் டிராப் இரண்டு மடங்காகும். ஆனால் வீணாகும் வாட்ஸ் நான்கு மடங்காகும். ஆகவே ஒரே அளவு மின்சாரத்தை அதிக வோல்டேஜில், குறைந்த கரண்டில் அனுப்பினால் இழப்பு மளமளவென்று குறைகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான். கேபிள் நீளம் என்றதும் எல்லோரும் தடிமனைத்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது, அந்த நீளத்தை எந்த வோல்டேஜில் கடப்பது என்பதை.

என் கேபிளில் எவ்வளவு குறையும் என்று நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். போன் கால்குலேட்டர் போதும். ஒருவழி நீளத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆம்ப்ஸால் பெருக்குங்கள். வந்ததை, ஒயரின் ஸ்கொயர் எம்எம் அளவை 25 ஆல் பெருக்கிய எண்ணால் வகுங்கள். காப்பர் ஒயரில் எத்தனை வோல்ட் குறையும் என்பது கிடைத்துவிடும். போகிற ஒயர், திரும்புகிற ஒயர் இரண்டும் இதில் அடக்கம். அதனால் நீளத்தை மறுபடி இரட்டிக்க வேண்டாம்.

உதாரணமாக 30 மீட்டர் தூரம், 10 ஆம்ப்ஸ், 4 ஸ்கொயர் எம்எம் (சுருக்கமாக 4 ஸ்கொயர்) ஒயர். 30 × 10 = 300. 25 × 4 = 100. 300 ÷ 100 = 3 வோல்ட். 24 வோல்ட் சிஸ்டத்துக்கு இது பெரிய இழப்பு. 240 வோல்ட் சிஸ்டத்துக்கு ஒன்றே கால் சதவீதம்தான்.

மொட்டை மாடி வெயிலில் ஒயர் சூடாகும்போது காப்பரின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்ததைவிட 60 டிகிரியில் 15 சதவீதம் அதிகம். வெயிலில் கிடக்கும் கேபிளுக்கு அந்த 15 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நீளத்தை அளக்கும்போது நேர்கோட்டில் அளக்காதீர்கள். மாடியிலிருந்து இறங்கி, சுவரைச் சுற்றி, கேட் ஓரமாகப் போய், பெட்டிக்குள் ஏறுகிற முழுத் தூரத்தையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். 30 மீட்டர் என்று நினைத்தது 42 ஆக வருவது சாதாரணம்.

எத்தனை சதவீதம் வரை குறையலாம்?

பேனலிலிருந்து கன்ட்ரோலர் அல்லது இன்வெர்ட்டர் வரை 2 சதவீதத்துக்குள் வைப்பது நல்ல வழக்கம். 3 வரை போனாலும் உலகம் முடிந்துவிடாது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் 1 சதவீதம், அதிகம் போனால் 2. ஆன்-கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடும்) இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 1 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். இந்தக் கடைசி இடத்தில் ஏன் இவ்வளவு கறார் என்பது கீழே வருகிறது.

"4 ஸ்கொயர் ஒயர் 50 ஆம்ப்ஸ் தாங்கும், உங்களுக்கு 18 ஆம்ப்ஸ்தானே" என்கிறார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வது தப்பா?

அவர் சொல்வது சரிதான். சோலார் டிசி கேபிளில் 4 ஸ்கொயர், காற்றோட்டமான இடத்தில் தனி ஒயராகப் போனால் 55 ஆம்ப்ஸ் வரை தாங்கும் என்றுதான் தரநிர்ணயப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். ஒயர் உருகுமா, தீப்பிடிக்குமா என்பதற்கு அந்தப் பட்டியல் பதில் சொல்கிறது. கடைசி முனையில் எத்தனை வோல்ட் வந்து சேரும் என்பதை அது சொல்வதில்லை. 2 மீட்டர் ஒயரும் 60 மீட்டர் ஒயரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான். பத்து மீட்டரைத் தாண்டினால் இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போட்டு, எது பெரிய ஒயரைக் கேட்கிறதோ அதை எடுக்க வேண்டும். குறைந்த வோல்டேஜ் சிஸ்டங்களில் அநேகமாக டிராப் கணக்குதான் பெரிய ஒயரைக் கேட்கும்.

இரண்டு பேனல் இருக்கிறது. சீரிஸில் போடுவதா, பேரலலிலா?

கன்ட்ரோலர் இடம் கொடுத்தால் சீரிஸ். சீரிஸ் என்றால் ஒரு பேனலின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு கோர்ப்பது, வோல்டேஜ் கூடும். பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பது, கரண்ட் கூடும். நீளமான ஓட்டத்துக்கு இதைவிட மலிவான தீர்வு கிடையாது.

வீடுகளில் பரவலாக இருக்கும் 335 வாட்ஸ் பேனல் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வேலை செய்யும் நிலையில் சுமார் 38 வோல்ட், 8.8 ஆம்ப்ஸ். தூரம் 30 மீட்டர், ஒயர் 4 ஸ்கொயர். பேரலலில் போட்டால் 38 வோல்ட், 17.6 ஆம்ப்ஸ். டிராப் 5.3 வோல்ட், அதாவது 14 சதவீதம். 670 வாட்ஸில் 90 வாட்ஸுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். அதே ஒயரில் சீரிஸாகப் போட்டால் 76 வோல்ட், 8.8 ஆம்ப்ஸ். டிராப் 2.6 வோல்ட், மூன்றரை சதவீதம். வீணாவது 23 வாட்ஸ்தான்.

பேரலலிலேயே இருந்துகொண்டு இந்த மூன்றரை சதவீதத்தை எட்ட வேண்டுமானால் 16 ஸ்கொயர் ஒயர் இழுக்க வேண்டும். நான்கு மடங்கு செம்பு. அந்தத் தடிமனான ஒயர் பல கன்ட்ரோலர்களின் டெர்மினலுக்குள் நுழையவும் செய்யாது.

சீரிஸில் போடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, கன்ட்ரோலர் எம்பிபிடி வகையாக, அதாவது பேனலின் அதிக வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவதாக இருக்க வேண்டும். மலிவான சோலார் யுபிஎஸ் பலவற்றுக்குள் இருப்பது, அப்படி மாற்றித் தராத பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். அதில் சீரிஸாகக் கொடுத்தால் கூடுதல் வோல்டேஜ் பயனில்லாமல் போகும், அல்லது பெட்டியே போய்விடும். இரண்டாவது, அதிகபட்ச உள்ளீட்டு வோல்டேஜ். லோடு இல்லாதபோது இந்தப் பேனல் ஒவ்வொன்றும் 46 வோல்ட் காட்டும். இரண்டு சேர்ந்தால் 92. குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.28 சதவீதம். மதுரையிலோ தஞ்சாவூரிலோ இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஊட்டியில், கொடைக்கானலில் பூஜ்யத்தை ஒட்டிய காலையில் வெயில் சுள்ளென்று விழுந்தால் 98 வோல்ட்டைத் தாண்டும். 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு அது மிக நெருக்கம். மலையூர்க்காரர்கள் 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்வது உத்தமம்.

என்னிடம் இருப்பது பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். அதற்கும் இதே கணக்கா?

கணக்கு ஒன்றுதான், விளைவு வேறு. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடுகிறது. 18 வோல்ட் பேனல், 14.4 வோல்ட்டில் சார்ஜ் ஆகும் பேட்டரி என்றால் நடுவில் இருக்கும் மூன்றரை வோல்ட் எப்படியும் உபயோகமாவதில்லை. அதில் கொஞ்சத்தை ஒயர் எடுத்துக்கொண்டாலும் சார்ஜ் கரண்ட் அப்படியே இருக்கும். அதனால்தான் சிலர் மெல்லிய ஒயர் போட்டும் "எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது" என்கிறார்கள். ஜனவரியில் அது உண்மையாகவும் இருக்கும்.

சித்திரை வெயிலில் நிலைமை மாறிவிடும். பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் அதன் 18 வோல்ட் பதினைந்தரைக்கு வந்துவிடுகிறது. இப்போது ஒயருக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது ஒரு வோல்ட்தான். அதைத் தாண்டினால் கரண்ட் திடீரென்று சரியும். 100 வாட்ஸ் பேனல் ஒன்று, 5.6 ஆம்ப்ஸ், 4 ஸ்கொயர் ஒயர் என்றால் 17 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தூரம் இருந்தால் எம்பிபிடி கன்ட்ரோலருக்கு மாறி, பேனலை அதிக வோல்டேஜில் அமைப்பதுதான் வழி.

கன்ட்ரோலரையும் பேட்டரியையும் பேனல் பக்கத்திலேயே வைத்துவிட்டால் என்ன?

கன்ட்ரோலரும் பேட்டரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்தால், அந்த இடம் பேனல் அருகே இருந்தாலும் சரி, வீட்டுக்குள் இருந்தாலும் சரி. நீளத்தைப் பேனல் பக்கத்து அதிக வோல்டேஜிலோ, 230 வோல்ட் ஏசியிலோ கடக்கலாம். 12 வோல்ட், 24 வோல்ட்டில் மட்டும் கடக்கக் கூடாது.

12 வோல்ட் இன்வெர்ட்டரில் 1000 வாட்ஸ் லோடு போட்டால் பேட்டரி ஒயரில் 90 ஆம்ப்ஸுக்கு மேல் ஓடும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி, ஒயர் 16 ஸ்கொயர் என்றால் 1.2 வோல்ட் குறைந்துவிடும். பேட்டரியில் 11.7 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டருக்கு 10.5 என்று தெரியும், உடனே லோ பேட்டரி என்று நின்றுவிடும். பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். புதிது வந்த பிறகும் அதே ஒயர்தான், அதே கதைதான். மிக்சி ஓடும்போது மட்டும் இன்வெர்ட்டர் கத்துகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் இந்த ஒயரைப் பாருங்கள்.

சார்ஜ் பக்கத்தில் தொல்லை சத்தமில்லாமல் வரும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் 5 மீட்டர், 6 ஸ்கொயர், 30 ஆம்ப்ஸ் என்றால் ஒரு வோல்ட் டிராப். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்த்து, பேட்டரி நிறைந்து வருகிறது என்று எண்ணிக் கரண்டைக் குறைக்க ஆரம்பிக்கும். பேட்டரியிலோ அப்போது 13.4 தான் இருக்கும். மாலைக்குள் முழுசாக நிறையாமல், நாளடைவில் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் தேய்கிறது. சில கன்ட்ரோலர்களில் பேட்டரி வோல்டேஜை நேரே பார்க்கத் தனியாக இரண்டு மெல்லிய ஒயர் கொடுக்க இடம் இருக்கும். இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

தோட்டத்துக் கேட் வரை 12 வோல்ட் எல்இடி லைட் போடலாமா?

50 மீட்டர் தூரத்தில் நான்கு பத்து வாட்ஸ் லைட் என்றால் 3.3 ஆம்ப்ஸ். 1.5 ஸ்கொயர் ஒயரில் 4.4 வோல்ட் போய்விடும். கடைசி லைட் மங்கலாக எரியும், அல்லது எரியாது. அதே லைட்டுகள் 48 வோல்ட்டில் ஓடினால் கரண்ட் கால் பங்கு, டிராப் 1.1 வோல்ட், இழப்பு இரண்டு சதவீதம் சொச்சம். 12 வோல்ட்டில் அது 37 சதவீதம். பதினாறு மடங்கு வித்தியாசம். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீடுகளுக்கென்று டிசி மின் அமைப்பை உருவாக்கியபோது 48 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்குள் சாதாரண ஒயரிலேயே இழப்பில்லாமல் அனுப்பலாம், தொட்டாலும் 230 வோல்ட் அளவு ஆபத்து இல்லை.

கேட் லைட்டுக்கு மட்டும் என்றால், இன்வெர்ட்டரிலிருந்து 230 வோல்ட் ஏசி எடுத்துப் போவதுதான் சுலபம். அல்லது பேனலும் பேட்டரியும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சோலார் லைட் ஒன்றைக் கேட் தூணில் மாட்டிவிடுங்கள், ஒயரே வேண்டாம்.

ஆன்-கிரிட் போட்டிருக்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் இன்வெர்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. ஏன்?

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் ஒரே தெருவில் பல வீடுகளில் 3 கிலோவாட் ஏறிவிட்டது.

மற்ற இடங்களில் ஒயர் வோல்டேஜைக் குறைக்கும். இங்கே அது ஏற்றும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை ஈபி லைனுக்குள் தள்ள வேண்டும். தள்ள வேண்டுமானால் லைனில் இருப்பதைவிடத் தன் முனையில் கொஞ்சம் அதிக வோல்டேஜ் வைக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்றால், நடுவில் உள்ள ஒயரின் டிராப் எவ்வளவோ அவ்வளவு.

3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப்ஸ். இன்வெர்ட்டர் மோட்டார் ரூமில், மீட்டர் வீட்டு வாசலில், நடுவில் 50 மீட்டர், 2.5 ஸ்கொயர் ஒயர். கணக்குப் போட்டால் 10.4 வோல்ட். லைனில் 244 இருந்தால் இன்வெர்ட்டர் முனையில் 254. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைப்படி, வோல்டேஜ் 80 முதல் 110 சதவீதத்துக்கு வெளியே போனால் இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் விலகிவிட வேண்டும். 230 இல் 110 சதவீதம் என்பது 253. ஆகவே இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்கிறது, அதில் பழுதில்லை. காலையில் கரண்ட் குறைவு, அதனால் ஏற்றமும் குறைவு. உச்சி வெயிலில், அதாவது நாளின் மிக நல்ல நேரத்தில், அது நின்று நின்று ஓடும். அந்த நேரத்து யூனிட்டெல்லாம் நஷ்டம்.

யார் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க, வெயில் நன்றாக இருக்கும்போது இன்வெர்ட்டர் ஓடுகையில் அதன் ஏசி முனையில் ஒரு அளவு, உடனே மீட்டர் பக்கத்தில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் கேபிள்தான் காரணம். இதே 50 மீட்டரில் 6 ஸ்கொயர் போட்டால் ஏற்றம் 4.3 வோல்ட், 10 ஸ்கொயரில் 2.6. வித்தியாசம் குறைவாக இருந்து, மீட்டரிலேயே 250 காட்டினால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் 245க்கு மேல் நின்றால் விஷயம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மாற்றவோ லைன் சமன் செய்யவோ கேட்க வேண்டும். மத்தியான நேரத்து அளவுகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்வெர்ட்டரின் செட்டிங்கில் போய் 253 ஐ 265 ஆக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது விதிமீறல். அதோடு உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் அந்த அதிக வோல்டேஜில் ஓட நேரலாம்.

இடம் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. இன்வெர்ட்டரை மீட்டர் பக்கத்தில் வைத்து, நீளத்தை டிசி பக்கத்தில் ஓட்டுங்கள். 540 வாட்ஸ் பேனல் ஆறு சீரிஸில் போனால் சுமார் 246 வோல்ட், 13 ஆம்ப்ஸ். ஏசி பக்கத்துக் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான், ஆகவே வீணாகும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டிசி பக்கத்தில் 5 வோல்ட் குறைந்தால் இன்வெர்ட்டர் கண்டுகொள்ளாது. ஏசி பக்கத்தில் 5 வோல்ட் ஏறினால் ட்ரிப் ஆகக்கூடும். டிசி கேபிளில் பகல் முழுக்க ஆபத்தான வோல்டேஜ் இருக்கும் என்பதால் இரு முனையிலும் ஐசொலேட்டர் (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைக்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் போட்டால் இந்தப் பிரச்சினை குறையுமா?

நன்றாகவே குறையும். அதே கிலோவாட் மூன்று ஃபேஸில் சமமாகப் பிரிந்து போகும்போது, அதே தடிமன் ஒயரில், ஒவ்வொரு ஃபேஸிலும் வோல்டேஜ் ஏற்றம் ஆறில் ஒரு பங்குதான். மூன்று ஃபேஸ் இணைப்பு ஏற்கெனவே இருக்கும் வீட்டில், நீளமும் அதிகம் என்றால், சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டரை ஒரு ஃபேஸில் மட்டும் தொங்கவிடுவது வீண்.

ஆறு பேனல் ஸ்ட்ரிங்குக்கு 4 ஸ்கொயரா, 6 ஸ்கொயரா?

ஸ்ட்ரிங் என்பது சீரிஸில் கோர்த்த பேனல் வரிசை. மேலே சொன்ன 540 வாட்ஸ் ஆறு பேனலுக்கு எதைப் போட்டாலும் நிம்மதியாகத் தூங்கலாம். 40 மீட்டரில் 4 ஸ்கொயர் என்றால் 5.2 வோல்ட், 2.1 சதவீதம். 6 ஸ்கொயர் என்றால் 3.5 வோல்ட், 1.4 சதவீதம். முழு வெயிலில் வித்தியாசம் 23 வாட்ஸ். வெயில் பாதியானால் அது 6 வாட்ஸ். மொத்தத்தில் வருஷத்துக்குச் சுமார் 20 யூனிட். உங்கள் கடையில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அந்த 20 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். 60 மீட்டரைத் தாண்டினால் நான் யோசிக்காமல் 6 ஸ்கொயர் என்பேன்.

அலுமினியம் கேபிள் போடலாமா?

ஏசி பக்கத்தில், நீளமான ஓட்டத்துக்குப் போடலாம். விலை குறைவு. கணக்கில் 25 க்குப் பதில் 16 போட்டுக்கொள்ளுங்கள். 10 ஸ்கொயர் காப்பர் செய்யும் வேலைக்கு 16 ஸ்கொயர் அலுமினியம் வேண்டும். சிக்கல் முனைகளில்தான் வரும். அலுமினியத்தை நேரே காப்பரோடு முறுக்கினால் ஈரம் பட்டு அரித்து, ஜாயின்ட் சூடாகும். இரண்டையும் இணைக்கும் பைமெட்டல் லக் போட்டு, சரியான டூலால் கிரிம்ப் செய்ய (நசுக்கி இறுக்க) வேண்டும். பேனல் பக்கத்து டிசி ஓட்டத்துக்கு அலுமினியம் வேண்டாம்.

வாங்கிய கேபிள் நல்லதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு துண்டை வெட்டி, உறையை உரித்து, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். நல்ல சோலார் டிசி கேபிளின் இழைகள் வெள்ளீயம் பூசிய செம்பு. வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே செம்பு தெரியும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் இதற்கு நேர் எதிர். வெளியே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளை. அதன் மின்தடை அதிகம், ஆனால் உறையில் அதே 4 ஸ்கொயர் என்றுதான் அச்சடித்திருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும். சுருளைக் கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இழைகளை எண்ணுவதும் உதவும். 4 ஸ்கொயர் சோலார் கேபிளில் வழக்கமாக 0.3 மில்லிமீட்டர் இழைகள் 56 இருக்கும், 6 ஸ்கொயரில் 84. உறையில் ஐஎஸ் 17293 என்ற இந்தியத் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வயரிங்குக்கான சாதாரண பிவிசி ஒயரை மாடியில் ஓட்டினால், டிராப் கணக்கு சரியாக இருந்தாலும், சில வருஷ வெயிலில் உறை வெடித்துவிடும்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். 7/20 என்பது சுமார் 4.6 ஸ்கொயர், 3/20 சுமார் 2 ஸ்கொயர்.

மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். பேனல் பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும் ஒரே வோல்டேஜ்தான் காட்டுகிறது. அப்படியென்றால் டிராப் இல்லையா?

லோடு இல்லாமல் அளந்திருப்பீர்கள். கரண்ட் ஓடாவிட்டால் டிராப்பும் கிடையாது. எவ்வளவு மெல்லிய ஒயராக இருந்தாலும் இரு முனையிலும் ஒரே அளவுதான் வரும். பேட்டரி நிறைந்து கன்ட்ரோலர் ஓய்வில் இருக்கும் நேரத்தில் அளந்தாலும் இதேதான்.

வெயில் நன்றாக இருக்கிற பதினோரு மணி முதல் ஒரு மணிக்குள், பேட்டரி பாதி இறங்கியிருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். முதலில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரு ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டைப் பாருங்கள். ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் இங்கே பூஜ்யம் காட்டும், ஏமாறாதீர்கள். கரண்ட் ஓடும்போதே பேனல் பக்க ஜங்ஷன் பாக்ஸில் வோல்டேஜ், ஒரு நிமிஷத்துக்குள் கன்ட்ரோலர் முனையில் வோல்டேஜ். மேகம் வந்து போனால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு பேர் இருந்து போனில் சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் அளப்பது இன்னும் நல்லது.

வந்த வித்தியாசத்தை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கு 3 வோல்ட் சொல்லி, மீட்டரில் மூன்றரை வந்தால் எல்லாம் சரி, அது வெயில் சூடு. மீட்டரில் 7 வந்தால் ஒயர் போலி, அல்லது நடுவில் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது.

100 வோல்ட்டுக்கு மேல் போகும் ஸ்ட்ரிங்காக இருந்தால் இதை நீங்களே செய்ய வேண்டாம், பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள். வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4 கனெக்டரை (பேனல் கேபிள்களை இணைக்கும் பிளக்) பிடுங்கவே கூடாது. ஏசியில் பொறி தானே அணையும். டிசியில் அது அணையாமல் நீண்டு எரியும்.

ஒயரில் குறைவதும் ஜாயின்ட்டில் குறைவதும் ஒன்றுதானே?

எண்ணில் ஒன்று, ஆபத்தில் வேறு. 13 ஆம்ப்ஸ் ஓடும் லைனில் அரை ஓம் மின்தடை என்றால் 6.5 வோல்ட் டிராப், 85 வாட்ஸ் சூடு. 80 மீட்டர் ஒயரில் அது பரவினால் கைக்குச் சூடே தெரியாது. அதே 85 வாட்ஸ் ஒரு தளர்ந்த கனெக்டருக்குள், விரல் நுனி அளவு இடத்தில் இறங்கினால் பிளாஸ்டிக் உருகிக் கருகும்.

அதனால் நீளமான ஓட்டத்தில் நடுவில் ஜாயின்ட்டே வேண்டாம். முழு நீளத்துக்கு ஒரே கேபிள் வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டை மாடியில் எங்கே பார்த்தாலும் வெட்டி எறியச் சொல்லுங்கள். எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே தொடுகிற பரப்பு சரியாக அமையாது. கனெக்டருக்குள் இருக்கும் உலோக ஊசியைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டினால் அது இரண்டு மழைக்காலம் தாங்காது. அதற்கென்றுள்ள கிரிம்பிங் டூல் வேண்டும்.

வீட்டுப் பக்கத்தில் கொஞ்சம் நிழல் விழும், ஆனால் கேபிள் 8 மீட்டர்தான். நிழலே இல்லாத இடம் 50 மீட்டர் தள்ளி. எதை எடுப்பது?

நிழலில்லாத இடத்தை எடுங்கள். 50 மீட்டர் கேபிளை ஒழுங்காகப் போட்டால் இழப்பு இரண்டு மூன்று சதவீதம். தென்னை ஓலை நிழல் ஸ்ட்ரிங்கின் ஒரு பேனல் மேல் தினம் இரண்டு மணி நேரம் விழுந்தாலே அதைவிட அதிகம் போகும். அதோடு மரம் வருஷா வருஷம் வளரும். கேபிள் நீளம் வளராது.

கேபிள் ஏற்கெனவே போட்டாயிற்று. பைப்புக்குள் புதைத்தும் ஆயிற்று. இனி என்ன செய்யலாம்?

தோண்டும் முன் வோல்டேஜை உயர்த்த வழியிருக்கிறதா என்று பாருங்கள். பேரலலில் இருக்கும் பேனல்களைச் சீரிஸாக்கி, அதற்கேற்ற எம்பிபிடி கன்ட்ரோலர் மாற்றினால் பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். பைப்பில் இடம் இருந்தால் அதே அளவில் இன்னொரு ஜோடி ஒயரை இழுத்து, இரு முனையிலும் லக் போட்டுச் சேர்த்தால் டிராப் பாதியாகும். இரண்டு ஜோடியும் ஒரே நீளம், ஒரே அளவாக இருக்க வேண்டும். பேட்டரி பக்கத்து ஒயர்தான் நீளம் என்றால் ஒயரை விட்டுவிட்டு இன்வெர்ட்டரை நகர்த்துங்கள்.

நீளமான கேபிளுக்கு வேறு என்ன பாதுகாப்பு வேண்டும்?

பிளஸ், மைனஸ் ஒயர் இரண்டையும் ஒட்டினாற்போல் ஒரே பைப்பில் கொண்டு போங்கள். இரண்டும் தனித்தனி வழியில் போனால் நடுவில் பெரிய வளையம் உண்டாகி, பக்கத்தில் மின்னல் விழும்போது அதில் கூடுதல் வோல்டேஜ் பாயும். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் 10 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் சர்ஜ் பாதுகாப்புக் கருவி இரண்டு முனையிலும் வேண்டும். ஒரு முனையில் வைத்தது மறுமுனையைக் காப்பாற்றாது.

தரையில் புதைத்தால் கெட்டியான ஹெச்டிபிஇ பைப், பைப்பின் வாய் இரண்டையும் அடைத்துவிடுங்கள். எலி உள்ளே போய்க் கடிக்கும். மாடியில் அணில். கடித்த இடத்தில் செம்பு தெரிந்தால், சுவர் ஈரமாகும் ஐப்பசி மழையில் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் எரர் காட்டி நின்றுவிடும். அந்த எரர் மழை நாளில் மட்டும் வந்து வெயில் அடித்ததும் மறைகிறது என்றால், கேபிளை முனையிலிருந்து முனைவரை கையால் தடவிப் பார்க்க ஆள் வைக்க வேண்டிய நேரம் அது. பார்க்கும் முன் இரண்டு பக்க ஐசொலேட்டரையும் அணைத்துவிட்டு, பேனல்களைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.